இரண்டு கிரவுண்டில் எத்தனை வீடு? மினியாபொலிஸ், வாடகை, பஸ்

40 அடி அகலம், 120 அடி நீளம். அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரத்தில் பழைய தெருக்களில் ஒரு மனை ஏறக்குறைய இந்த அளவுதான் இருக்கும். பெருக்கிப் பார்த்தால் 4,800 சதுர அடி. சென்னைக் கணக்கில் இரண்டு கிரவுண்டு.

இந்த இரண்டு கிரவுண்டில் எத்தனை வீடு கட்டலாம்? நம் ஊரில் கேட்டால், "கீழே நாம இருந்துக்கலாம், மாடியில ரெண்டு போர்ஷன் வாடகைக்கு விட்டுடலாம்" என்று நின்ற இடத்திலேயே கணக்குப் போட்டுவிடுவார்கள். மினியாபொலிஸில் 2019 கடைசி வரை, குடியிருப்பு நிலத்தில் ஏறக்குறைய 70 சதவீதத்துக்குச் சட்டம் வைத்திருந்த பதில் ஒன்றே ஒன்று. ஒரு மனை, ஒரு வீடு, ஒரு குடும்பம். கையில் பணம் இருந்தாலும், நிலம் உங்கள் பெயரில் இருந்தாலும், பக்கத்து வீட்டுக்காரர் சரி என்று தலையாட்டினாலும் முழு அளவில் இரண்டாவது வீடு கட்ட முடியாது.

அந்த ஊரின் வாடகை ஏன் ஏறியது, பஸ் ஏன் அரை மணிக்கு ஒருமுறை வந்தது, கடைக்குப் போகவும் கார் ஏன் தேவைப்பட்டது என்று கேட்டுக்கொண்டே போனால், எல்லா வழியும் கடைசியில் இந்த ஒரு விதியில் வந்து முட்டும். வீடு ஒரு துறை, போக்குவரத்து வேறொரு துறை என்று நாம் பிரித்துப் பேசிப் பழகிவிட்டோம். தெருவில் நின்று பார்த்தால் இரண்டும் ஒரே விஷயம்தான். அதை ஒரு நகரத்தை மட்டும் வைத்து, அடியிலிருந்து விளக்கிப் பார்க்கிறேன்.

முதலில் ஊர். மினியாபொலிஸ், மினசோட்டா மாநிலத்தில் மிசிசிப்பி ஆற்றங்கரையில் இருக்கிறது. ஒரு காலத்தில் மாவு ஆலைகளால் பேர் வாங்கிய ஊர். 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை ஏறக்குறைய 4,30,000. ஒட்டியே மாநிலத் தலைநகரான செயின்ட் பால் இருப்பதால் இரண்டையும் சேர்த்து இரட்டை நகரங்கள் என்பார்கள். குளிர்காலத்தில் மைனஸ் 20 டிகிரி செல்சியஸ் அங்கே யாரும் வியந்து பேசுகிற விஷயமில்லை. இந்தக் குளிரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பஸ் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

ஜோனிங் என்றால் என்ன

நகரத்தின் வரைபடத்தை விரித்து, ஒவ்வொரு மனைக்கும் ஒரு நிறம் பூசுவதாக வைத்துக்கொள்வோம். மஞ்சள் பூசிய இடத்தில் வீடு, சிவப்பில் கடை, ஊதாவில் தொழிற்சாலை. நிறத்தோடு நிபந்தனைகளும் வரும். எத்தனை மாடி, எல்லையிலிருந்து எத்தனை அடி தள்ளி, எத்தனை குடும்பம், எத்தனை கார் நிறுத்த இடம் என்று எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. இதற்குப் பெயர்தான் ஜோனிங். தமிழில் மண்டல விதி என்று சொல்லலாம்.

நோக்கம் என்னவோ நல்லதுதான். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் தோல் பதனிடும் ஆலை வரக் கூடாது என்பதை யார் மறுப்பார்கள்? நியூயார்க் நகரம் 1916இல் இப்படி ஒரு விரிவான விதித்தொகுப்பைக் கொண்டுவந்தது. மினியாபொலிஸ் 1924இல் தனக்கு ஒன்று எழுதிக்கொண்டது. 1926இல் ஒஹையோ மாநிலத்தின் யூக்ளிட் என்ற சிற்றூர் தொடர்பான வழக்கில், இப்படி விதி போட நகரங்களுக்கு அதிகாரம் உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பில் ஓர் இடம் இன்றும் என்னைத் தொந்தரவு செய்கிறது. தனி வீடுகள் உள்ள பகுதிக்குள் வரும் அடுக்குமாடிக் கட்டடத்தை அது ஒட்டுண்ணி என்று குறிப்பிட்டது. ஆலைப் புகையிலிருந்து வீடுகளைக் காப்பதற்காக வந்த விதி, ஒரு வகை வீட்டிலிருந்து இன்னொரு வகை வீட்டைக் காப்பதாக மாறியது அப்போதுதான்.

அடுக்குமாடியில் யார் குடியிருப்பார்கள்? வாடகைக்கு இருப்பவர்கள், புதிதாக ஊருக்கு வந்தவர்கள், தனி வீடு வாங்கப் பணம் இல்லாதவர்கள். கட்டடத்தை விலக்கினால் ஆட்களையும் விலக்கியதாக ஆகிவிடும்.

மினியாபொலிஸில் இதை இன்னும் வெளிப்படையாகவே செய்தார்கள். 1910 முதல் அந்த ஊரின் கிரயப் பத்திரங்களில் ஒரு வாசகம் சேர ஆரம்பித்தது. இந்தச் சொத்தைக் கறுப்பினத்தவருக்கோ சீனருக்கோ ஜப்பானியருக்கோ விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது என்பது அதன் சாரம். மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 2016இல் தொடங்கிய மேப்பிங் பிரெஜுடிஸ் என்ற ஆய்வுத் திட்டம், பழைய பத்திரங்களை ஒவ்வொன்றாகப் படித்து இப்படிப்பட்ட மனைகளை வரைபடத்தில் குறித்தது. பத்திரங்களைப் படிக்கும் வேலையில் பொதுமக்களும் தன்னார்வமாக உட்கார்ந்தார்கள். தன் வீட்டுப் பத்திரத்திலேயே அந்த வரியைக் கண்டவர்கள் உண்டு. ஆயிரக்கணக்கான மனைகள் தேறின. தெற்கே ஏரிகளையும் மின்னஹாஹா ஓடையையும் ஒட்டிய நல்ல பகுதிகளில் அவை நெருக்கமாக இருந்தன.

1948இல் உச்ச நீதிமன்றம் இந்த நிபந்தனைகளை எந்த நீதிமன்றமும் நிறைவேற்றித் தரக் கூடாது என்றது. 1968இல் இந்தப் பாகுபாட்டைத் தடுக்க நாடு முழுவதற்குமான சட்டமே வந்தது. ஆனால் பத்திரத்தில் இருந்த வரி செல்லாமல் போனாலும், ஒரு மனைக்கு ஒரு வீடு என்ற விதி அப்படியே நின்றது. வெள்ளையர் குடும்பங்களில் சொந்த வீடு உள்ளவர்களுக்கும் கறுப்பினக் குடும்பங்களில் உள்ளவர்களுக்கும் இடையிலான இடைவெளி, நாட்டிலேயே மிகப் பெரிதாக இருக்கும் இடங்களில் மினசோட்டாவும் ஒன்று. அந்த இடைவெளியின் வேர் இந்தப் பத்திரங்களில் இருக்கிறது.

டிராம் போன கதை

இந்த ஊர் எப்போதும் கார் ஊராக இருந்ததில்லை. ட்வின் சிட்டி ரேபிட் டிரான்சிட் என்ற கம்பெனி இரட்டை நகரங்களில் 500 மைலுக்கு மேல் தண்டவாளம் போட்டு டிராம் ஓட்டியது. அதை வளர்த்த தாமஸ் லோரி நிலம் வாங்கி விற்பவரும்கூட. டிராம் போகிற இடத்தில் மனை விற்கும், மனை விற்ற இடத்தில் டிராமுக்கு ஆள் கிடைக்கும். வீடும் போக்குவரத்தும் ஒன்று என்பது லாபக் கணக்குப் பார்த்தவருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. இன்றைக்கும் மினியாபொலிஸில் நடந்துபோனால், வெறும் வீடுகளாக இருக்கும் தெருவில் ஒரு முனையில் மட்டும் நாலைந்து கடைகள் கூடி நிற்பதைப் பார்க்கலாம். டீக்கடை மாதிரி ஒரு காபிக் கடை, ஒரு முடிதிருத்தகம், மேலே இரண்டு குடித்தனம். பெரும்பாலும் அது பழைய டிராம் நிறுத்தம்.

1954 ஜூனில் கடைசி டிராம் ஓடி நின்றது. புதிய வண்டிகளை மெக்சிகோ சிட்டிக்கும் நெவார்க்குக்கும் விற்றார்கள், மரத்தாலான பழையவற்றைக் கொளுத்தினார்கள். அடுத்து விரைவுச்சாலைகள் வந்தன. செயின்ட் பாலில் ரோண்டோ என்ற கறுப்பினத்தவர் பகுதியின் நடுவே ஐ-94 சாலை போனது. நூற்றுக்கணக்கான குடும்பங்கள் வீடிழந்தன, கடைகள் போயின. 2015இல் அந்த நகர மேயர் கிறிஸ் கோல்மன் இதற்காகப் பொதுவில் மன்னிப்புக் கேட்டார். வசதி உள்ளவர்கள் சாலை வழியே புறநகருக்குப் போனார்கள். 1950இல் 5,21,000க்கு மேல் இருந்த மினியாபொலிஸ் மக்கள்தொகை 1990இல் 3,68,000 ஆக இறங்கியது.

அப்புறம் மக்கள் திரும்பி வரத் தொடங்கினார்கள். ஆனால் அதற்குள் விதிகள் இறுகியிருந்தன. டிராம் காலத்தில் சாதாரணமாகக் கட்டப்பட்ட இரட்டை வீடு, மூன்று வீடு போன்றவற்றை அதே தெருவில் மறுபடி கட்ட அனுமதி இல்லை. நிற்கிற கட்டடம் நிற்கலாம், அதைப் போல இன்னொன்று எழ முடியாது.

பஸ்ஸுக்கும் மனைக்கும் உள்ள கணக்கு

ஒரு காகிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. 4,800ஆல் வகுத்தால் 9 மனை. தெருவுக்கும் பின்சந்துக்கும் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டால் மிச்சம் 6. மனைக்கு ஒரு வீடு என்றால் ஏக்கருக்கு 6 வீடு.

போக்குவரத்துத் துறையில் பல காலமாக ஒரு தோராயக் கணக்கு உண்டு. அரை மணிக்கு ஒரு பஸ் விடவேண்டும் என்றால் ஏக்கருக்கு ஏறக்குறைய 7 வீடாவது வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒன்று வேண்டுமென்றால் 15 வீடு வேண்டும். ஆள் இல்லாமல் பஸ் ஓட்டினால் டிக்கெட் பணமும் வராது, வரிப்பணத்தை ஏன் வீணாக்குகிறீர்கள் என்ற கேள்வியும் வரும். ஆக, மனைக்கு ஒரு வீடு என்று எழுதிய அன்றே, அந்தத் தெருவுக்கு அடிக்கடி பஸ் வராது என்றும் எழுதியாகிவிட்டது. அதே மனையில் மூன்று வீடு வந்தால் ஏக்கருக்கு 18. பத்து நிமிட பஸ்ஸுக்கு வழி பிறக்கிறது. இந்த விஷயத்தில் எனக்கு முதலில் கண் திறந்தது இந்தக் கணக்கைப் போட்டபோதுதான்.

பஸ் எவ்வளவு வேகம் என்பதைவிட எத்தனை நிமிடத்துக்கு ஒன்று என்பதுதான் பயணிக்கு முக்கியம். ஒரு ஜனவரிக் காலையை நினைத்துப் பாருங்கள். மைனஸ் 20. நடைபாதை ஓரத்தில் முழங்கால் உயரத்துக்குப் பனிக்கட்டி ஒதுக்கிக் கிடக்கிறது. நிழற்குடையில் ஒரு பொத்தான் இருக்கிறது, அழுத்தினால் தலைக்கு மேல் ஹீட்டர் சிவந்து எரியும், கொஞ்ச நேரத்தில் தானாக அணைந்துவிடும். திரும்ப அழுத்த வேண்டும். இந்த நிலையில் 10 நிமிடம் நிற்கலாம். 30 நிமிடம் நிற்கச் சொன்னால், முடிந்தவர் கார் வாங்கிவிடுவார். முடியாதவர் நிற்பார்.

மினியாபொலிஸில் பஸ்ஸும் ரயிலும் ஓட்டுவது மெட்ரோ டிரான்சிட். அது மெட்ரோபாலிட்டன் கவுன்சில் என்ற வட்டார அமைப்பின் கீழ் வருகிறது. 1967இல் மாநில அரசு உருவாக்கிய அந்தக் கவுன்சில் ஏழு மாவட்டங்களுக்குப் பொது. ஊருக்கு ஊர் தனித்தனியாகப் போகும் அமெரிக்காவில் இப்படி ஒன்று இருப்பதே அரிது. உறுப்பினர்களை மாநில ஆளுநர் நியமிக்கிறார், மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. அது சரியா என்ற சண்டை ஓயாமல் நடக்கிறது.

ரயில் முதலில் வந்தது. ப்ளூ லைன் 2004இல் ஓடத் தொடங்கி நகர மையத்தை விமான நிலையத்தோடு இணைத்தது. கிரீன் லைன் 2014இல் இரண்டு நகர மையங்களையும் யூனிவர்சிட்டி அவென்யூ வழியாக இணைத்தது. அந்தப் பாதையில் ஹாம்லின், விக்டோரியா, வெஸ்டர்ன் என்ற மூன்று நிறுத்தங்கள் முதல் திட்டத்தில் இல்லை. ஏழைகளும் கறுப்பினத்தவரும் ஆசியக் குடியேறிகளும் நிறைய வாழும் பகுதி அது. மத்திய அரசின் செலவுக் கணக்கில் அந்த நிறுத்தங்கள் தேறவில்லை என்றார்கள். ரயில் எங்கள் வாசல் வழியே போகும், எங்களுக்காக நிற்காதா என்று அந்தப் பகுதி மக்கள் வருடக்கணக்கில் போராடினார்கள். 2010இல் மத்திய அரசின் அளவுகோல் மாறியது, மூன்று நிறுத்தங்களும் கிடைத்தன. ஒரு நிறுத்தம் எத்தனை பேருடைய வாழ்க்கையைத் தொடுகிறது என்று கேட்பவர்களுக்கு நான் இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

என்னைக் கேட்டால், ரயிலைவிடப் பெரிய காரியம் பஸ்ஸில் நடந்தது. ரூட் 5 என்ற பஸ் சிகாகோ அவென்யூ வழியே வடக்கே புரூக்ளின் சென்டரிலிருந்து தெற்கே மால் ஆஃப் அமெரிக்கா வரை போகும், கூட்டம் நெரிந்த வழி. ஆனால் கிட்டத்தட்ட ஒவ்வொரு முனையிலும் நிற்கும். ஒவ்வொருவராக ஏறிச் சில்லறை போடும்வரை காத்திருக்கும். சிக்னலில் நிற்கும். 2022 டிசம்பரில் அதற்குப் பதிலாக டி லைன் வந்தது. அதே சாலை, அதே பஸ் வகைதான். நிறுத்தங்களுக்கு இடையே தூரம் கூடியது. ஏறுவதற்கு முன்பே நிறுத்தத்தில் பணம் கட்டிவிடலாம், அதனால் எல்லாக் கதவு வழியாகவும் ஏறலாம். நடைமேடை கிட்டத்தட்ட பஸ்ஸின் தரை மட்டத்துக்கு உயர்ந்து நிற்பதால் தள்ளுவண்டியில் குழந்தையோடு வரும் தாய்க்குத் தூக்கி ஏற்றும் பாடு இல்லை. பஸ் நெருங்கும்போது சில சிக்னல்களில் பச்சை கொஞ்சம் நீளும். இதே முறையில் 2016இல் ஏ லைன், 2019இல் சி லைன், 2025 ஜூனில் லேக் ஸ்ட்ரீட்டில் பி லைன் என்று வரிசையாக வந்தன. தண்டவாளம் இல்லை, சுரங்கம் இல்லை. ரயிலுக்கு ஆகும் செலவில் ஒரு சிறு பங்கு. இன்னொரு பக்கம், கிரீன் லைனைத் தென்மேற்குப் புறநகர்களுக்கு நீட்டும் வேலை பல வருடம் தாமதமாகி, செலவு 200 கோடி டாலரைத் தாண்டிப் போனது.

கோவிட்டுக்குப் பிறகு பயணிகள் எண்ணிக்கை சரிந்து, பழைய அளவுக்கு இன்னும் முழுதாக ஏறவில்லை. ரயில்களில் பாதுகாப்பு பற்றிய பயமும் உண்மையானது. 2023இல் மாநிலச் சட்டமன்றம் போக்குவரத்துக்கென்றே அந்த வட்டாரத்தில் முக்கால் சதவீத விற்பனை வரி ஒன்றைப் புதிதாகக் கொண்டுவந்தது. சேவையை நிலையாக நடத்த அது பெரிய தெம்பு.

கார் படுக்க இடம்

வீட்டுக்கும் பஸ்ஸுக்கும் நடுவே ஒன்று உட்கார்ந்திருக்கிறது. பார்க்கிங். அமெரிக்க நகரங்கள் பலவற்றில் ஒரு வீட்டுக்கு இத்தனை கார் இடம், ஒரு கடைக்கு இத்தனை என்று சட்டமே கட்டாயப்படுத்தும். ஒரு காரை நிறுத்தவும் திருப்பி எடுக்கவும் 300 சதுர அடிக்கு மேல் வேண்டும். நம் இரண்டு கிரவுண்டில் 10 சிறு வீடுகள் கொண்ட கட்டடம் கட்ட நினைத்தால், வீட்டுக்கு ஒரு கார் என்ற கணக்கில் 3,000 சதுர அடிக்கு மேல் காருக்கே போய்விடும். மிச்சம் 1,800. அதில் கட்டடம் நிற்காது. காரைத் தரைக்குக் கீழே இறக்கினால் ஓர் இடத்துக்குப் பல்லாயிரம் டாலர் செலவு, அது அப்படியே வாடகையில் ஏறும். கார் இல்லாதவரும் அந்த வாடகையைத்தான் கட்டுவார்.

மினியாபொலிஸ் இதைப் படிப்படியாகக் கைவிட்டது. 2009இல் நகர மையத்தில், 2015இல் அடிக்கடி பஸ், ரயில் வரும் பாதைகளுக்குப் பக்கத்தில், 2021இல் நகரம் முழுவதும். பார்க்கிங் கட்டக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. வேண்டுமானால் கட்டிக்கொள், கட்டாயம் இல்லை, அவ்வளவுதான். பேருக்கு அலுப்பூட்டும் நிர்வாக மாற்றம். ஆனால் வாடகையைப் பொறுத்தவரை இதுவே பெரிய கதவு என்று நான் நினைக்கிறேன். 2015க்குப் பிறகு பஸ் பாதைகளில் எழுந்த நடுத்தரக் கட்டடங்கள் பலவற்றுக்கு இந்தத் தளர்வுதான் வழிவிட்டது.

2040 திட்டமும் தெருச் சண்டையும்

இரட்டை நகர வட்டாரத்தில் ஒவ்வொரு ஊரும் பத்து வருடத்துக்கு ஒருமுறை எதிர்காலத் திட்டம் எழுதித் தர வேண்டும். மினியாபொலிஸ் அப்படி எழுதியதுதான் மினியாபொலிஸ் 2040. 2018 மார்ச்சில் வந்த வரைவில் எந்த மனையிலும் நான்கு வீடு கட்டலாம் என்று இருந்தது. ஊர் இரண்டாகப் பிரிந்தது. எங்கள் பகுதியை இடிக்காதே என்ற பலகை சில வீட்டு முற்றங்களில். இன்னும் அண்டைவீட்டார் வேண்டும் என்று பொருள்படும் நெய்பர்ஸ் ஃபார் மோர் நெய்பர்ஸ் இயக்கத்தின் பலகை வேறு முற்றங்களில். நகராட்சிக்குப் பத்தாயிரத்துக்கு மேல் கருத்துகள் வந்து குவிந்தன. நான்கு மூன்றானது. 2018 டிசம்பர் 7 அன்று நகர மன்றம் 12க்கு 1 என்ற வாக்கில் திட்டத்தை ஏற்றது. அப்போதைய மன்றத் தலைவர் லிசா பெண்டர் நகரத் திட்டமிடலைத் தொழிலாகப் படித்தவர். 2020 ஜனவரியிலிருந்து, ஒரு மனைக்கு ஒரு வீடு என்ற விதி அந்த ஊரில் இல்லை. நகரம் முழுவதும் இப்படிச் செய்த முதல் பெரிய அமெரிக்க நகரம் அதுதான். பழைய பத்திரங்களின் பாகுபாட்டைத் திருத்துவதும் நோக்கம் என்று திட்டமே எழுதி வைத்தது.

எதிர்த்தவர்கள் எல்லாரையும் கெட்டவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு தெருவில் 30 வருடம் வாழ்ந்து, பிள்ளைகளை வளர்த்து, மேப்பிள் மரம் நட்டவருக்கு அந்தத் தெரு மாறும் என்றால் வயிற்றைக் கலக்கத்தான் செய்யும். அந்தப் பயத்தை மதிக்கலாம். ஆனால் அதற்காக வேறொரு குடும்பத்துக்கு வீடே இல்லாமல் செய்ய முடியாது.

வழக்கும் வந்தது. ஒரு குடியிருப்பாளர் குழுவும் பறவைப் பாதுகாப்பு அமைப்புகளும் மாநிலச் சுற்றுச்சூழல் சட்டத்தின் கீழ் நீதிமன்றம் போயின. இத்தனை வீடு வந்தால் மழைநீர் என்னாகும், பறவைகள் என்னாகும் என்பது வாதம். 2022இல் ஒரு முறை, 2023இல் இன்னொரு முறை நீதிபதி திட்டத்தை நிறுத்திவைத்தார். 2024 மே மாதம் சட்டமன்றம் இத்தகைய திட்டங்களுக்கு அந்தச் சட்டத்திலிருந்து விலக்கு அளித்தது. நகரத்துக்குள் இடம் இல்லாதவர்கள் காணாமல் போவதில்லை, 20 மைல் தள்ளி வயலையும் காட்டையும் அழித்த இடத்தில் வீடு வாங்கித் தினமும் காரில் வருகிறார்கள். பறவையின் பக்கமிருந்து பார்த்தாலும் அது நஷ்டம் என்பது என் கருத்து.

வாடகை குறைந்ததா?

பியூ சாரிட்டபிள் டிரஸ்ட்ஸ் என்ற அறக்கட்டளை 2024 தொடக்கத்தில் ஒரு கணக்கு வெளியிட்டது. 2017இலிருந்து 2022 வரை மினியாபொலிஸில் வீடுகளின் எண்ணிக்கை 12 சதவீதம் கூடியது, வாடகை 1 சதவீதம்தான் ஏறியது. அதே காலத்தில் மினசோட்டாவின் மற்ற பகுதிகளில் வீடுகள் 4 சதவீதம் கூடின, வாடகை 14 சதவீதம் ஏறியது.

பெரும் வித்தியாசம். ஆனால் இதை மூன்று வீடு விதியின் வெற்றி என்று சொன்னால் தப்பு. புதிதாக வந்தவற்றில் மிகப் பெரும்பகுதி 20 வீடுகளுக்கு மேல் உள்ள கட்டடங்கள். பஸ், ரயில் பாதைகளில் உயரம் தளர்த்தியதும் பார்க்கிங் கட்டாயத்தை நீக்கியதும் செய்த வேலை அது. மூன்று வீடு கட்டலாம் என்று சொன்னாலும், உட்பகுதித் தெருக்கள் பலவற்றில் கட்டடத்தின் மொத்த அளவு ஒரு வீட்டுக்கு உள்ள அளவைவிட அதிகம் கூடவில்லை. இருக்கிற ஒரு வீட்டை இடித்து, அதே அளவுக்குள் மூன்று சிறு வீடு கட்ட யாருக்கும் கட்டுப்படியாகவில்லை. கதவைத் திறந்தார்கள், நிலை உயரத்தை ஏற்றவில்லை.

புதுக் கட்டடம் எல்லாம் விலை கூடியதாகத்தானே இருக்கிறது, அது ஏழைக்கு எப்படி உதவும் என்று பலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். 100 இலை போட்டிருக்கிறது, 120 பேர் நிற்கிறார்கள். முந்துபவருக்கு இடம், பின்னால் நிற்கும் பாட்டிக்கு இல்லை. வாடகைச் சந்தையில் முந்துவது பணம். பக்கத்து ஹாலில் இன்னும் 20 இலை போட்டால், அங்கே வசதியானவர்களே போய் உட்கார்ந்தாலும் சரி, இங்கே 20 இடம் காலியாகும். புதுக் கட்டடத்துக்குப் போன பொறியாளர் விட்டுப்போன பழைய வீட்டுக்கு ஓர் ஆசிரியர் வருவார், அவர் விட்ட இடத்துக்கு இன்னொருவர். மெதுவாக நடக்கும், ஆனால் நடக்கும்.

பந்தியிலேயே உட்கார முடியாதவர்களும் உண்டு. வருமானம் மிகக் குறைந்தவர்களுக்குச் சந்தை வாடகை எப்போதும் எட்டாது, அங்கே அரசுதான் கட்ட வேண்டும். மினியாபொலிஸ் பொது வீட்டுவசதி ஆணையம் தன்னிடமிருந்த சிறு மனைகளில், தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்து அடுக்கிய 84 குடும்ப வீடுகளை 16 இடங்களில் கட்டியது. சாதாரணத் தெருக்களில், தனி வீடுகளுக்கு நடுவே. புது விதிகள் வந்ததால்தான் அந்த மனைகளில் அத்தனை வீடு நிற்க முடிந்தது. எண்ணிக்கை சிறிதுதான், ஆனால் இந்தக் கதை முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

பக்கத்து நகரம் வேறு வழி பார்த்தது. 2021 நவம்பரில் செயின்ட் பால் மக்கள், வருடத்துக்கு 3 சதவீதத்துக்கு மேல் வாடகை ஏற்றக் கூடாது என்று வாக்களித்தார்கள். அந்த வரம்பு இனிமேல் கட்டப்போகும் கட்டடங்களுக்கும் பொருந்தும் என்றது விதி. கட்ட வந்தவர்கள் பின்வாங்கினார்கள், கட்டட அனுமதி விண்ணப்பங்கள் சரிந்தன. 2022இல் புதுக் கட்டடங்களுக்கு 20 வருட விலக்கு தந்தார்கள். 2025இல் 2004க்குப் பின் கட்டிய எல்லாவற்றுக்கும் நிரந்தர விலக்கே தந்தார்கள். வாக்களித்தவர்களின் பயம் பொய்யில்லை. திடீரென்று மாதம் 300 டாலர் ஏறினால் ஒரு குடும்பம் எங்கே போகும்? இருப்பவரைக் காக்கும் விதியும், இனி வருபவருக்கு இடம் செய்யும் விதியும் ஒன்றையொன்று மிதிக்காமல் எழுதப்பட வேண்டும். அதைத்தான் செயின்ட் பால் நான்கு வருடம் தட்டித் தட்டிச் சரிசெய்தது. மினியாபொலிஸிலும் எல்லாம் முடிந்துவிடவில்லை. வட்டி ஏறிய பிறகு புதுக் கட்டட வேலைகள் அங்கேயும் வெகுவாகக் குறைந்தன. விதி அனுமதிப்பதாலேயே வீடு எழுந்துவிடாது, கடன் கொடுக்கிற வங்கியும் வேண்டும்.

இன்னும் ஓர் இடத்தைக் காட்ட வேண்டும். நிக்கலெட் அவென்யூ நகர மையத்திலிருந்து நேராகத் தெற்கே ஓடும் பழைய வீதி, ஒரு காலத்து டிராம் பாதை. 1970களின் கடைசியில், லேக் ஸ்ட்ரீட்டைச் சந்திக்கும் இடத்தில் அந்த வீதியின் மேலேயே ஒரு கே-மார்ட் கடையைக் கட்ட நகரம் அனுமதித்தது. வீதி அங்கே முடிந்து, கடைக்குப் பின்னால் மறுபடி தொடங்கும். முன்னால் கடல்போல் கார் நிறுத்துமிடம். பஸ் சுற்றிக்கொண்டு போகும், நடப்பவரும் சுற்றுவார். 40 வருடத்துக்கு மேல் இப்படியே. நகரம் நிலத்தை மீட்டது, 2020இல் கடை மூடியது. அந்த வருடம் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொலையை அடுத்து நடந்த கலவரத்தில் சுற்றுவட்டாரத் தபால் நிலையங்கள் எரிந்துபோனதால், கொஞ்ச காலம் காலிக் கடைக்குள் தபால் நிலையம் நடந்தது. 2023 அக்டோபரில் கட்டடத்தில் தீப்பிடித்தது, வருடம் முடிவதற்குள் இடித்து அள்ளிவிட்டார்கள். வீதியை மறுபடி இணைப்பது, இரு பக்கமும் அகலமான நடைபாதை, பஸ்ஸுக்கு வழி, கார் நிறுத்துமிடம் இருந்த நிலத்தில் வீடுகளும் கடைகளும் என்பது திட்டம். இடிபாடு அகற்றியதும், லேக் ஸ்ட்ரீட்டில் நின்று வடக்கே பார்த்தவர்களுக்கு நிக்கலெட் அவென்யூ அந்தப் பக்கம் தொடர்வது கண்ணுக்குத் தெரிந்தது.